அறிவும் உடலும் அமானிதம்! செயற்கை ஊக்கப் போதைகள் குறித்து ஓர் எச்சரிக்கை



 

  

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் கையில் தண்ணீர் பாட்டிலோடு பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார்கள். "ஹஜ்ரத், என் மகன் நாலு நாளாகத் தூங்கவே இல்லை. சுவருக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள் என்கிறான். தோலுக்கு அடியில் பூச்சி ஊறுகிறது என்று சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண்ணாக்கி வைத்திருக்கிறான். ஜின்னுடைய தொல்லையாக இருக்குமோ? ஓதிக் கொடுங்கள்" என்றார்கள். நானும் ஓதி ஊதிக் கொடுத்தேன். ஆயத்துல் குர்ஸியை விடாமல் ஓதச் சொல்லி அனுப்பி வைத்தேன்.

இரண்டாம் நாள் அந்தப் பையன், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று பயந்து மாடியிலிருந்து குதித்துவிட்டான். கால் எலும்பு முறிந்தது. உயிரோடு கிடைத்தான், அல்ஹம்துலில்லாஹ். மருத்துவமனையில் பரிசோதித்த பிறகுதான் அவன் உடம்பில் மெத்தபெட்டமைன் இருப்பது தெரிந்தது.

ஓதிப் பார்த்தது என் தவறல்ல. "உம்மா, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதுதான் என் தவறு. அந்த நோயின் அடையாளம் அன்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். கற்றதை உங்களிடம் ஒப்படைப்பதற்காகவே இன்றைய ஜும்ஆவில் இந்தத் தலைப்பு.

இவை என்ன பொருள்கள்?

போதை என்றதும் நமக்குச் சாராயமும் கஞ்சாவும்தான் நினைவுக்கு வரும். இன்று நம் பிள்ளைகளைச் சுற்றி வருவது வேறு வகை. செடியில் விளையாதது, வாடை வராதது, சட்டைப் பையில் மடித்து வைக்கக்கூடியது. ரசாயனக் கூடங்களில் செய்யப்படும் ஊக்கப் போதைகள் இவை. மெத்தபெட்டமைன் கண்ணாடித் துண்டு போலப் பளபளப்பதால் 'ஐஸ்' என்றும் 'கிரிஸ்டல்' என்றும் அழைக்கிறார்கள். எம்.டி.எம்.ஏ. என்பதற்கு 'எக்ஸ்டஸி', 'மோலி' என்ற பெயர்கள். மெஃபெட்ரோன் என்பதை 'மியாவ் மியாவ்' என்று செல்லப் பெயரிட்டு விற்கிறார்கள். பூனைக்குட்டியின் பெயர் வைத்தாலும் விஷம் விஷம்தான்.

இவற்றில் சில நூறு ஆண்டுகளைக் கடந்தவை. ஆம்பெட்டமைன் 1887-இலும், மெத்தபெட்டமைன் 1893-இலும் உருவாக்கப்பட்டன. எம்.டி.எம்.ஏ. 1912-இல் ஜெர்மனியில் உருவானது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் படைவீரர்களுக்குத் தூக்கத்தையும் களைப்பையும் விரட்ட 'பெர்விட்டின்' என்ற பெயரில் மெத்தபெட்டமைன் மாத்திரை கொடுத்தார்கள். ஜப்பானில் அதே மருந்து 'ஹிரோபோன்' என்ற பெயரில் வந்தது. போர் முடிந்தது, போதை முடியவில்லை. மக்கள் பெருமளவில் அதற்கு அடிமையாகிவிட்டதால் 1951-இல் ஜப்பான் தனிச் சட்டமே போட்டு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. அரசாங்கமே கையில் எடுத்துக் கொடுத்த மாத்திரை ஒரு சமுதாயத்தை என்ன செய்தது என்பதற்கு இந்த வரலாறு போதும்.

"இது மயக்கம் தருவதில்லையே ஹஜ்ரத்!"

ஒரு வாலிபர் என்னிடம் வாதம் செய்தார். "மது மனிதனைத் தள்ளாட வைக்கிறது, அதனால் ஹராம். இது சுறுசுறுப்பைத்தானே தருகிறது? இரவெல்லாம் படிக்கலாம், வேலை செய்யலாம். இதில் என்ன ஹராம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி போலத் தெரியும். பதிலை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது: மது என்றால் என்ன என்பதற்கு அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கம் கொடுத்தார்கள். அறிவை மூடிவிடுகிற ஒவ்வொன்றும் மதுதான் என்பது அந்த விளக்கத்தின் கருத்து. இது புகாரியில் பதிவாகியுள்ளது. திராட்சையிலிருந்து வந்ததா, பேரீச்சையிலிருந்து வந்ததா, ரசாயனக் கூடத்திலிருந்து வந்ததா என்பது கேள்வியல்ல. அறிவை மூடுகிறதா என்பதுதான் கேள்வி. இல்லாத குரலைக் கேட்பவனுடைய அறிவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? பெற்ற தாயையே எதிரியாகப் பார்ப்பவனுக்குத் தெளிவு இருக்கிறதா? தள்ளாடினால்தான் அறிவு மூடியது என்று அர்த்தமல்ல. கண் அகலத் திறந்திருக்கும்போதும் அறிவு மூடிக் கிடக்கலாம்.

இரண்டாவது: போதை தரும் எல்லாமே மது, மது எல்லாமே ஹராம் என்று நபி (ஸல்) அவர்கள் பொது விதியாகச் சொல்லிவிட்டார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் முஸ்லிம் நாடுகளில் கஞ்சா வகையான ஹஷீஷ் பரவியபோது, நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இது இல்லையே என்று உலமாக்கள் கைகட்டி நிற்கவில்லை. கியாஸ் என்ற சட்ட ஒப்பீட்டின் வழியாக ஹராம் என்று தீர்ப்பளித்தார்கள். அதே வழி இங்கும் பொருந்தும்.

மூன்றாவது: மயக்கம் தராது என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆகாது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று அல்பகரா சூராவின் 195-ஆவது வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். நம்மை நாமே கொன்றுகொள்ளக் கூடாது என்று அந்நிஸா 29-ஆவது வசனத்தில் தடுக்கிறான். தனக்கும் கேடு கூடாது, பிறருக்கும் கேடு செய்யக் கூடாது என்பது நபிமொழி. உயிரையும் அறிவையும் பாதுகாப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் இரண்டு. இந்த இரண்டையும் ஒரே அடியில் உடைக்கும் பொருள் எப்படி ஹலாலாகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். அவர்களிடம் விருந்தாளியாக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், முதலில் தூங்குங்கள் என்று தடுத்து நிறுத்தி, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் அவரவர் உரிமையைக் கொடுக்கும்படி அறிவுறுத்தினார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இந்தச் செய்தி போனபோது ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். வணக்கத்திற்காகக்கூட உடலின் தூக்க உரிமையைப் பறிக்க மார்க்கம் விடவில்லை. விருந்துக்கும் கேளிக்கைக்கும் தூக்கத்தைக் கொல்லும் மாத்திரை போடலாமா?

உடலுக்குள் என்ன நடக்கிறது?

அல்லாஹ் நம் மூளையில் டோபமைன் என்ற ஒரு ரசாயனத்தை வைத்திருக்கிறான். பசித்துச் சாப்பிடும்போதும், பிள்ளையைக் கொஞ்சும்போதும், ஒரு வேலையை முடித்து நிமிரும்போதும் அது அளவோடு சுரந்து மகிழ்ச்சி உணர்வைத் தருகிறது. வேலை முடிந்ததும் செல்கள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இது அவன் வைத்த தராசு.

மெத்தபெட்டமைன் இந்தத் தராசை உடைக்கிறது. நரம்புச் செல்களுக்குள்ளேயே புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமைனை வெளியே கொட்ட வைக்கிறது. திரும்ப உறிஞ்சும் வழியையும் கெடுத்துவிடுகிறது. ஒரு மாதத்துக்கு வைத்திருந்த அரிசியை ஒரே இரவில் தெருவில் கொட்டுவது போல. உடம்பில் நுழைந்த மெத்தபெட்டமைனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் உடல் ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது போன்ற நிலையிலேயே இருக்கிறது. பிறகு மூட்டை காலி. எதிலும் சந்தோஷம் இல்லை, சோர்வு, எரிச்சல், வெறுமை. அதை நிரப்ப மறுபடியும் அதே பொருள். இப்படித்தான் அடிமைத்தனம் உருவாகிறது.

இதயம்: துடிப்பு வேகமாகிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாரடைப்பு வரலாம். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துப் பக்கவாதம் வரலாம். இருபது வயது வாலிபருக்கும் இது நடக்கும். தொடர்ந்து பயன்படுத்துபவரின் இதயத் தசையே பலவீனமாகி, இரத்தத்தை இறைக்க முடியாத நிலை வருவதும் உண்டு.

உடல் சூடு: இந்தப் பொருள்கள் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன. கூட்டமான அறையில் மணிக்கணக்கில் ஆடுபவர்களுக்கு எம்.டி.எம்.ஏ.வால் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறி, தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, சிறுநீரகம் செயலிழக்கிறது. சூடு தணியட்டும் என்று அளவு மீறித் தண்ணீர் குடித்தால் அதிலும் ஆபத்து. எம்.டி.எம்.ஏ. உடலில் நீரைத் தேக்கி வைக்கும். இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து மூளை வீங்கி வலிப்பு வரும்.

மனம்: தூக்கமின்மை, காரணமில்லாத சந்தேகம், யாரோ பின்தொடர்வதாகப் பயம், இல்லாத குரல்கள், தோலுக்கடியில் பூச்சி ஊறும் உணர்வு. அந்தத் தாய் என்னிடம் சொன்ன ஒவ்வொரு அடையாளமும் மருத்துவ நூல்களில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. பயன்படுத்துவதை நிறுத்திய பிறகும் சிலருக்கு இது மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

பற்களும் தோலும்: வாய் வறண்டு, பற்களை நறநறவென்று கடித்து, இனிப்புப் பானங்களைக் குடித்துக் குடித்து, இளம் வயதிலேயே பற்கள் கறுத்து உடைந்து விழுகின்றன. பசி செத்துப்போவதால் உடல் எலும்பும் தோலுமாகிறது. உடல் எடை குறைக்க என்று சொல்லி யாராவது தெரியாத பொடியையோ மாத்திரையையோ கொடுத்தால் நம் சகோதரிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கருவில் இருக்கும் குழந்தை: கர்ப்பிணி மெத்தபெட்டமைன் எடுத்தால் குறைப்பிரசவம், குறைந்த எடை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடுதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. பாவம் அறியாத ஒரு உயிர் தண்டனை அனுபவிக்கிறது.

ஊசி: ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகையான ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவை பரவுகின்றன. அது அவனோடு நிற்காது, அவனுடைய மனைவி வரை போகும்.

"ஒரே ஒரு தடவைதானே?"

ஷைத்தானின் பழைய வசனம் இது. விற்பவன் தருவது என்ன பொருள் என்று வாங்குபவனுக்குத் தெரியாது. பல நேரம் விற்பவனுக்கே தெரியாது. எம்.டி.எம்.ஏ. என்று கொடுத்த மாத்திரையில் வேறு பொருள் இருக்கலாம். நேற்றைய மாத்திரையில் இருந்த அளவு இன்றைய மாத்திரையில் இரண்டு மடங்கு இருக்கலாம். அடையாளம் தெரியாத இதயக் கோளாறு உள்ளவருக்கு முதல் தடவையே கடைசித் தடவையாகிவிடலாம். மதுவோடு சேர்த்து எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும்.

மறுமையில் நம் ஆயுளையும் குறிப்பாக வாலிபத்தையும் எதில் கழித்தோம் என்று கேட்கப்படாமல் கால்கள் நகராது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்ற கேள்வியும் அதில் உண்டு. இந்த வியாபாரத்தில் கைமாற்றிக் கொடுத்து 'கமிஷன்' வாங்கும் வாலிபர்கள் இதை யோசிக்கட்டும். மது விஷயத்தில் குடிப்பவன் மட்டுமல்லாமல் தயாரிப்பவன், சுமப்பவன், விற்பவன், அதன் விலையைத் தின்பவன் என்று பத்துப் பேர் சபிக்கப்பட்டிருக்கிறார்கள். உலகச் சட்டத்திலும் தப்ப முடியாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி மெத்தபெட்டமைன் 50 கிராமும், எம்.டி.எம்.ஏ. 10 கிராமும் வணிக அளவு. அதைத் தாண்டி வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு கடுங்காவல். நண்பனுக்காகப் பையைச் சுமந்தேன் என்பது நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்து, பிறகு ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காமல் தூங்குவது. திடீரென்று உடல் இளைப்பது. கண்ணின் கருமணி விரிந்திருப்பது. நிறுத்தாமல் பேசுவது, பல் கடிப்பது. கருகிய அலுமினியத் தாள், கண்ணாடிக் குழாய், சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகள். வீட்டில் காணாமல் போகும் பணமும் நகையும். தொழுகையாளியாக இருந்த பிள்ளை பள்ளிவாசல் பக்கம் வராமல் போவது.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துப் பிள்ளை மீது பழி போடாதீர்கள். தெரியாததைப் பின்தொடர வேண்டாம் என்பதும் குர்ஆனின் கட்டளைதான். அவன் நிதானமாக இருக்கும் நேரத்தில் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

நெஞ்சு வலி, வலிப்பு, உடல் அனலாகக் கொதிப்பது, குழப்பம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டுக்குள் மறைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வரும்வரை குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, மேல் சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்ததை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று மறைத்து மையித்தைச் சுமந்து வருவதைவிட, உண்மையைச் சொல்லி உயிரோடு அழைத்து வருவது மேல்.

திரும்பி வரும் வழி திறந்தே இருக்கிறது

அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் ஏவல். எந்த நோயை இறக்கினாலும் அதற்கு மருந்தையும் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்பது அவர்கள் தந்த நம்பிக்கை. மெத்தபெட்டமைன் அடிமைத்தனத்திற்கு, ஒரு மாத்திரை போட்டதும் தீரும் மருந்து இன்றுவரை வரவில்லை. மனநல மருத்துவமும், தொடர்ந்த ஆலோசனையும், குடும்பத்தின் பொறுமையும்தான் சிகிச்சை. பலர் இதனால் மீண்டிருக்கிறார்கள். பழக்கத்தை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆனவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சேதமடைந்த டோபமைன் அமைப்பு கணிசமாகச் சீராகியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். உடைந்ததைச் சேர்த்து வைப்பவன் அல்லாஹ்.

விட்ட முதல் சில நாட்கள் மிகக் கவனம் தேவை. நீண்ட தூக்கம், பெரும்பசி, கடும் மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணமும் வரலாம். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், அறையில் பூட்டியும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மன உளைச்சலுக்கு 14416-ஐ அழைக்கலாம். தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைக்குச் செல்பவர், பயன்படுத்திய குற்றத்திற்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. போலீசுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருக்காதீர்கள்.

நம் ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள்

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு மனிதர் மது அருந்தி அடிக்கடி தண்டனைக்காகக் கொண்டுவரப்பட்டார். கூடியிருந்தவர்களில் ஒருவர், எத்தனை தடவைதான் இவனைக் கொண்டுவருவது என்று சபித்தார். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தில் சொன்னார்கள். வேறோர் அறிவிப்பில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை.

தண்டனை நிறைவேறியது, பாவத்தைப் பாவம் என்றே சொன்னார்கள். ஆனால் அந்த மனிதரைத் தூக்கி எறியவில்லை. நாம் என்ன செய்கிறோம்? ஒரு பையன் மாட்டிக்கொண்டால் தெருவெல்லாம் பேசுகிறோம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறோம். அவன் வீட்டுப் பெண்பிள்ளைக்கு வந்த சம்பந்தம் நின்றுவிடுகிறது. பிறகு அவன் திரும்பி வர எந்த வாசல் மிச்சம்? அவனை அணைத்துக்கொள்ள விற்பவன் மட்டும்தான் காத்திருக்கிறான்.

நான் சொன்ன அந்தப் பையன் சிகிச்சை முடிந்து, கைத்தடியோடு ஒரு ஃபஜ்ருக்கு வந்தான். கடைசி ஸஃப்பில் ஒதுங்கி நின்றான். நம் ஜமாஅத்தின் ஒரு பெரியவர் ஒன்றும் பேசவில்லை. போய் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்து, முதல் ஸஃப்பில் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து அவன் அந்த இடத்தை விடவில்லை. நான் ஆயிரம் பயான் செய்தாலும் அந்தப் பெரியவர் செய்ததற்கு ஈடாகாது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் நம்பிக்கைக்குரிய இரண்டு பெரியவர்களும், ஒரு மருத்துவரும், பெண்கள் பேச ஒரு சகோதரியும் சேர்ந்து, இரகசியம் காத்து உதவும் ஒரு சிறு குழுவை அமையுங்கள். என் போன்ற இமாம்களுக்கும் சொல்கிறேன். தூங்காத பிள்ளைக்கு ஓதிப் பார்க்கச் சொல்லி வந்தால் ஓதுங்கள், உடனே மருத்துவரிடமும் அனுப்புங்கள்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும் வாலிபரே! நீங்கள் ஏற்கெனவே இதில் சிக்கியிருந்தால், இந்தப் பயான் உங்களை வெளியேற்ற அல்ல. தமக்குத் தாமே அநீதி செய்துகொண்டவர்களும் தன் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அஸ்ஸுமர் 53-ஆவது வசனத்தில் அல்லாஹ் அழைக்கிறான். இன்று மாலைக்குள் நீங்கள் நம்பும் ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதுவே தவ்பாவை நோக்கிய முதல் அடி.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் பாதுகாப்பாயாக! சிக்கிக்கொண்டவர்களை மீட்டெடுப்பாயாக! அவர்களுக்காக விழித்து அழும் தாய்மார்களின் துஆவைக் கபூல் செய்வாயாக! அவர்கள் திரும்பி வரும்போது கதவைத் திறந்து வைக்கும் நல்ல உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!